எலும்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட்: சித்திக்குச் செய்த அனுபவம்

கோபியிலிருந்து:

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து நாலு வருசம் நன்றாகத்தான் இருந்தார். போன ஆடியில் இடது இடுப்பில் வலி என்றார். களை வெட்டக் குனிந்ததில் பிடித்துக்கொண்டது என்று நினைத்து உப்பு ஒத்தடம் கொடுத்தோம், எண்ணெய் போட்டு நீவியும் விட்டோம். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஸ்கேனில் பார்த்தால் நோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. அரித்துப்போன எலும்பை அழுத்தி நீவினால் முறிந்தே போகலாம் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார்.

முதலில் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டு மாதம் அடங்கியிருந்த வலி மறுபடியும் கிளம்பிவிட்டது. இரவெல்லாம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார். "சாமி, நோய் இருந்துட்டுப் போவுது, இந்த நோவை மட்டும் எடுத்துரச் சொல்லு" என்பார். வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டபோது எட்டு என்றார்.

அந்த டாக்டர்தான் ஒலி அலையால் வலியைக் குறைக்கும் இந்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சையைச் சொல்லி, வெளிமாநிலத்து மருத்துவமனை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் 2012-லேயே எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கு இதை அனுமதித்திருக்கிறார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வில் 112 பேருக்கு உண்மையிலேயே செய்தார்கள், 35 பேருக்குச் செய்வதுபோல் பாவனை மட்டும். மூன்று மாதம் கழித்து, உண்மையில் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குப் பலன் இருந்தது. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேர். எல்லோருக்கும் கேட்காது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் வைத்துச் செய்வதால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னதும் சித்தி முடியவே முடியாது என்றுவிட்டார். சித்தப்பா இதை முன்னமே யோசித்து, ஈரோட்டு விரலி மஞ்சள் ஒன்றை மஞ்சள் கயிற்றில் முடிந்து பையில் வைத்திருந்தார். அதைக் கழுத்தில் கட்டிய பிறகுதான் கொடி இறங்கியது.

நம் தடப்பள்ளி வாய்க்காலிலிருந்து சின்னச் சின்ன வாய்க்காலாகத் தண்ணீர் பிரிகிறதல்லவா, அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வரும் ஒலி அலைகள் வழியில் தோலையும் சதையையும் ஒன்றும் செய்யாமல், ஒரே இடத்தில் சேருகின்றன. எலும்பு அந்த அலையை நிறைய உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எலும்பின் மேலுறையில் ஓடும் வலி நரம்புகள் கருகிவிடுகின்றன. எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்பது எம்.ஆர்.ஐ. திரையில் தெரிந்துகொண்டே இருக்கிறது. கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலிக்கிற பக்கம் கீழே இருக்கும்படி ஜெல் மெத்தைமேல் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இருபது விநாடி போலத்தான், நடுவில் ஆறவிடுகிறார்கள். கையில் ஒரு பொத்தான், தாங்க முடியாவிட்டால் அழுத்தி நிறுத்தலாம். மூன்று மணி நேரத்துக்குச் சித்தி ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

முதல் இரண்டு நாள் அந்த இடம் கன்னிப்போய் வலித்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிவரை தூங்கினார். சித்தப்பா மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறார்! இப்போது வலி இரண்டு, மூன்றில் நிற்கிறது.

தாராபுரத்திலிருந்து:

எங்கள் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்பில் பரவியது. இதே சிகிச்சை கேட்டோம், தண்டுவடம் பக்கத்தில் இருப்பதால் வேண்டாம் என்றார்கள். கதிர்வீச்சே கை கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் "இந்த நோய்னா வலிக்கத்தானுங்க செய்யும், பல்லைக் கடிச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் வீணாக அவதிப்பட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதுகெலும்பில் பரவியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ பொழுது விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே கிளம்பிவிடுங்கள்.

காங்கேயத்திலிருந்து:

அக்கா, பிசியோதெரபியில் மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் வைப்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? எங்கள் பெரியம்மாவுக்கு விலா எலும்பில் இருக்கிறது. மார்பின் (morphine) என்கிற வலி மாத்திரைக்கும் பயப்படுகிறார், கடைசிக் காலத்து மாத்திரை என்கிறார்.

கோபியிலிருந்து:

இல்லை தம்பி, அது வேறு. புற்றுநோய் இருக்கிற இடத்தில் அந்தப் பிசியோதெரபி அல்ட்ராசவுண்ட் வைக்கவே கூடாது. விலா எலும்புக்கு இதைச் செய்வதுண்டு, ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள். தொடை எலும்பு போல எடை தாங்குகிற இடம் முறியும் நிலையில் இருந்தால் இது போதாது, கம்பி வைக்க வேண்டியிருக்கும். நோயையும் இது குணமாக்காது, சித்தி அதற்கான மாத்திரையைத் தனியாகச் சாப்பிடுகிறார்.

மார்பினுக்குச் சித்தியும் முதலில் அப்படித்தான் பயந்தார். டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தைக் கூடவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சித்திக்கு ஒரு நாளைக்கு ஆறு மாத்திரையாக இருந்ததை டாக்டரே படிப்படியாகக் குறைத்து இரண்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.