தர்மபுரிப் பக்கம் நாங்கள் பார்த்தது

பாலக்கோடு, தையல் வேலை:

அண்ணிக்கு இரண்டும் பெண். மூன்றாவதுக்கு நாலாம் மாதம், தெரிந்த அக்கா ஒருத்தி வந்து "பார்த்துடலாமா?" என்றாள். எதைப் பார்ப்பது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. துணைக்கு என்னை அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ, புளியமரத்தடியில் இறக்கி இன்னொரு ஆட்டோ. செல்போனை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. எங்களுக்கு முன்னால் நாலு பேர். லேப்டாப் அளவு பெட்டிதான் ஸ்கேன் மெஷின். பார்த்தவன் வாயால் எதுவும் சொல்லவில்லை, அந்த அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவ்வளவுதான்.

வாசலில் நின்ற என் அம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அண்ணனோ "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பணத்தை எண்ணிக் கொடுத்தது அவர்தான். கூடப் போன நானும் வாயைத் திறக்கவில்லை.

அரூர், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

தங்கச்சி சொல்வதை நான் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் பெயர் எழுதுவோம். ஐந்தாம் மாதம் போனால் "கலைஞ்சிடுச்சும்மா" என்பார்கள். முந்தைய பிரசவக் கட்டத்தைப் பார்த்தால் இரண்டு பெண் இருக்கும். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. ஆனால் தொட்டிலுக்குப் பிள்ளை பிறந்தாக வேண்டுமே.

இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரை ஆயிரம் ஆண் பிள்ளைக்கு 2001-ல் 826 பெண்தான். 2011-ல் 913. ஏறியது நிஜம், ஆனாலும் மாநில அளவு 943. வறுமைதான் காரணம் என்பார்கள். நான் பார்த்தவரை நாலு ஏக்கர் வைத்திருந்த வீடுகளும் அதில் உண்டு. சீர், நகை, நிலம் வெளியே போய்விடும் என்ற பயம், கொள்ளி போட ஆள்... கேட்டால் இதெல்லாம் வரும்.

காரிமங்கலம், ஓசூரில் கம்பெனி வேலை, வயது 30:

அந்த 2001 கணக்கில் நானும் ஒரு ஆண் பிள்ளை. ஐந்து வருஷமாகப் பெண் பார்க்கிறார்கள். தோஷம் கழிக்க அம்மா திருநள்ளாறு வரை போய் வந்துவிட்டார். புரோக்கர் மட்டும்தான் உள்ளதைச் சொன்னார்: "உங்க வயசுல பொண்ணே கம்மி தம்பி." எங்கள் தெருவில் என் செட்டில் பதினோரு பசங்க, நாலு பெண்கள். கிரிக்கெட்டுக்கு டீம் தெருவுக்குள்ளேயே கிடைத்துவிடும், அப்போது அது பெரிய சந்தோஷம்.