பட்டர்ஃப்ளையா, ஃப்ளட்டர்பையா?

மதுரைக்காரன்77: சித்தப்பா காலையில் அனுப்பிய வாட்ஸப்: "உண்மைப் பெயர் ஃப்ளட்டர்பை. யாரோ வாய் குழறி பட்டர்ஃப்ளை ஆக்கிவிட்டார்கள்." சரிதானே? பூச்சிக்கும் வெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

சொல்லாய்வன்: சரியில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே 'புட்டொர்ஃப்ளேயொகெ' இருக்கிறது. முன்பாதி வெண்ணெய், பின்பாதி ஈ. உங்கள் ஃப்ளட்டர்பை பின்னால் வந்த சொல்விளையாட்டு.

வாத்தியார்மகள்: அதிருக்கட்டும், வெண்ணெய் ஏன்?

சொல்லாய்வன்: ஐரோப்பாவில் வசந்தம் வந்ததும் முதலில் கண்ணில் படுகிற இந்தப் பூச்சிகளில் பிரிம்ஸ்டோன் என்ற வகை ஒன்று. அதில் ஆண் நல்ல மஞ்சள். அதனால் என்பார்கள். பாலையும் வெண்ணெயையும் திருடும் என்றும் நம்பியிருக்கிறார்கள். ஜெர்மனில் ஷ்மெட்டர்லிங், அதில் ஒளிந்திருப்பது 'ஷ்மெட்டன்', பாலாடை. பழைய டச்சுப் பெயர் ஒன்று 'வெண்ணெய்க் கழிச்சல்'. எது காரணம் என்று முடிவாகவில்லை.

மதுரைக்காரன்77: பார்த்தீர்களா, முடிவாகவில்லையாம்! அப்போது ஃப்ளட்டர்பையும் இருக்கலாமே. படபடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஐயா அதை விட்டுவிட்டுப் பூச்சியின் கழிவைக் கிளறுகிறார்.

சொல்லாய்வன்: காரணம் தெரியாதது வேறு, சொல் தெரியாதது வேறு. 'ஃப்ளை' என்றால் ஈ. டிராகன்ஃப்ளை, ஃபயர்ஃப்ளை எல்லாவற்றையும் புரட்டிப் போடுவீர்களா? போன மாதம் 'கேட்டமரான்' நம் கட்டுமரம்தான் என்று அகராதியைக் காட்டினேன். அதற்கு ஆதாரம் போதாது என்றவர் இவர். சித்தப்பா அனுப்பினால் மட்டும் போதுமாம்.

மதுரைக்காரன்77: சித்தப்பாவை இழுக்காதீர்கள்.

யாழ்வாசி: பட்டாம்பூச்சி என்று யாரும் எழுத முன்னம் சொல்லிவிடுகிறேன், அது வண்ணத்துப்பூச்சி.

வாத்தியார்மகள்: உங்கள் ஊரில். எங்கள் பாட்டிக்குப் பட்டாம்பூச்சிதான். 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக 'தமிழ் மறவன்' அறிவிக்கப்பட்டபோது செய்திகளிலும் அப்படித்தான் போட்டார்கள்.

யாழ்வாசி: செய்திக்காரர் இலக்கணம் படிப்பிக்கவோ?

சொல்லாய்வன்: ரெண்டும் சரி. பேச்சு அதுவல்ல. 'ஃப்ளை' என்றால் ஈ.

மதுரைக்காரன்77: எங்கள் செம்பருத்தியில் இப்போது ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் இல்லை, கறுப்பு. பக்கத்தில் வெண்ணெயும் இல்லை. படபடக்கிறது. ஃப்ளட்டர்பை.

சொல்லாய்வன்: ஈ. மூன்றாவது முறை.