புதுப்பிப்பு: பச்சை மர மலைப்பாம்பை வளர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்

நுவரெலியாவிலுள்ள எங்கள் வீட்டில் பச்சை மர மலைப்பாம்பொன்றை வளர்க்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நியூகினியின் மழைக்காடுகளுக்குரிய அந்த உயிருக்குப் பகலில் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. இங்கோ ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான் இருக்கிறது, அடைமழையில் மின்சாரம் தடைப்படும் இரவுகளில் கூட்டை எவ்வாறு சூடாக வைத்திருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று: பண்ணையில் பிறந்தவை என்ற பெயரில் இந்தோனேசியாவிலிருந்து ஏற்றுமதியானவற்றுள் குறைந்தது 80 வீதமானவை காட்டில் பிடிக்கப்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வொன்று கணித்திருந்தது. அனுமதிப்பத்திரமின்றி இலங்கைக்குக் கொண்டுவரவும் முடியாது. மஞ்சளாகவோ செந்நிறமாகவோ பிறந்து, வளர்கையில் பச்சையாகும் அதன் அழகு இன்னும் என்னை ஈர்க்கிறது. வாங்கிவைத்த கண்ணாடிக் கூட்டில் தம்பி இப்போது பன்னங்களை நட்டிருக்கிறான்.