புதுப்பிப்பு: உச்சிப்புளி மணலில் டிராக்டர் கொட்டகை உறுதியாக நின்றுவிட்டது

கடலோர மணலில் நானே போடும் டிராக்டர் கொட்டகையின் இரும்புக் குழாய்த் தூண்கள் ஆடுகின்றன, அடியில் துருவும் ஏறுகிறது என்று வைகாசியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, தூணின் அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்து 3 அடி ஆழக் கான்கிரீட்டில் நிறுத்தச் சொன்ன அண்ணனின் யோசனை. கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரை அடி உயர்த்தி, தண்ணீர் தேங்காதபடி சரிவாகப் பூசினேன். ஆடிக்காற்று அத்தனை அடித்தும் ஒரு தூண்கூட அசையவில்லை.

குழி தோண்டுவதுதான் பெரும்பாடு. 2 அடி தாண்டியதும் மணல் சரிந்து குழியை மூடியது. மேலும் கீழும் அறுத்த பழைய பிளாஸ்டிக் டிரம்மை இறக்கி, அதற்குள்ளிருந்து மணலை அள்ள அள்ள டிரம்மும் இறங்கியது. அதையே கான்கிரீட்டுக்கு அச்சாக விட்டுவிட்டேன்.

எங்கள் கிணற்று நீர் உப்பு. அதில் கலவை போட்டால் உள்ளிருக்கும் இரும்பை அரித்துவிடும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்குங்கள். கடல் மணலைத் தொடவே தொடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: தென்மேற்கை அடைத்துக் கிழக்கே வாசல் வைத்தேன். ஐப்பசியில் வாடைக்காற்று மழையை நேராக என்ஜின் மேல் கொண்டுவந்தது. இப்போது கழற்றி மாட்டும்படி பனையோலைத் தட்டி கட்டியிருக்கிறேன். சாரல் உள்ளே வருவதில்லை.