வால்வு ப்ரீஆம்ப், புது பவர் ஆம்ப்: பாஸ் மட்டும் காணவில்லை. இம்பீடன்ஸ் பிரச்சினையா?

வால்வுப்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. என் பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ப்ரீஆம்ப், அதாவது சிக்னலை முதலில் தயார் செய்யும் பெட்டி, இதுவரை ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு பவர் ஆம்ப்போடு நன்றாகவே பாடியது. இப்போது டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் மாட்டியிருக்கிறேன். சத்தம் கொஞ்சம் குறைவு, அது பரவாயில்லை. ஆனால் பாஸில் (தாழ்ந்த ஒலியில்) கனமே இல்லை. போனை நேராகப் புது ஆம்ப்பில் செருகினால் பாஸ் திம்மென்று வருகிறது! இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் தடை) பழையதில் 100 கிலோ ஓம், புதியதில் 10. ப்ரீஆம்ப் அவுட்புட் இம்பீடன்ஸையும் புது ஆம்ப் இன்புட் இம்பீடன்ஸையும் சமப்படுத்த டிரான்ஸ்பார்மர் போடு என்கிறார் ஒருவர். போடலாமா?

ஓம்காரன்:
வேண்டாம். சமமாக்கினால் பாதி வோல்டேஜ் ப்ரீஆம்ப்புக்குள்ளேயே போய்விடும், 6 டெசிபல் நஷ்டம். பவர் ஆம்ப்பின் இன்புட், ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டைப் போல 10 மடங்காவது இருந்தால் நல்லது.

ஆனால் அந்தக் கணக்கு மட்டும் இருந்தால் எல்லா ஒலியும் ஒரே அளவில்தான் குறையும். உங்களுக்குப் பாஸ் தனியாகக் குறைகிறது. எனக்கு ப்ரீஆம்ப்பின் அவுட்புட் கெபாசிட்டர் மேல்தான் சந்தேகம்; அது சிறியதாக இருந்து எதிரே உள்ள இம்பீடன்ஸும் குறைந்தால் பாஸ் வெட்டுப்படும். அதன் மதிப்பு என்ன?

அப்புறம் ஒரு சோதனை: 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, லோடு இல்லாமல் (எதையும் இணைக்காமல்) ப்ரீஆம்ப் அவுட்புட்டை 1 வோல்ட்டுக்கு வையுங்கள். பிறகு குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வால்வுப்பித்தன்:
கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபேரட். ரெசிஸ்டர் போட்டதும் 0.8 வோல்ட்.

ஓம்காரன்:
அப்படியென்றால் அவுட்புட் இம்பீடன்ஸ் சுமார் 2.5 கிலோ ஓம். 10 உடன் சேர்த்தால் 12.5. சத்தம் கிட்டத்தட்ட 2 டெசிபல் குறைவது இதனால்தான். அந்த 12.5 கிலோ ஓமோடு 0.47 மைக்ரோ சேர்ந்தால் 27 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். அதற்கு மேலேயும் சரிவு கொஞ்சம் நீளும். பழைய ஆம்ப்பில் இதே சரிவு 3.3 ஹெர்ட்ஸில் இருந்தது, காதுக்கு எட்டவே எட்டாது. 2.2 மைக்ரோ ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும்.

சாலிடர்சாமி:
ஒரு எச்சரிக்கை. வால்வு சூடாகும் வரை அந்தக் கெபாசிட்டர் மேல் முழு ஹைடென்ஷனும் (வால்வுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) ஏறலாம். 630 வோல்ட் ரகமே போடுங்கள். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்களில் சார்ஜ் காலியாகிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். கெபாசிட்டர் பெரிதானால் ஆன் செய்யும்போது வரும் 'டும்' சத்தமும் பெரிதாகும். எனவே ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது தலைகீழ்.

வால்வுப்பித்தன்:
மாற்றிவிட்டேன், பாஸ் திரும்பிவிட்டது! நன்றி. இதே அவுட்புட்டிலிருந்து ஒய் கேபிள் (ஒன்றை இரண்டாகப் பிரிப்பது) போட்டு சப்வூஃபரையும் இணைக்கலாமா? அதன் இன்புட்டும் 10 கிலோ ஓம்தான்.

ஓம்காரன்:
இரண்டும் பேரலல் ஆகி 5 கிலோ ஓம் ஆகிவிடும், அவுட்புட்டைப் போல இரண்டே மடங்கு. வால்வு மூச்சுத் திணறும், டிஸ்டார்ஷன் ஏறும். சப்வூஃபரில் ஸ்பீக்கர் லெவல் இன்புட் இருந்தால் பவர் ஆம்ப் அவுட்புட்டிலிருந்து எடுங்கள். ஆனால் ஆம்ப் பிரிட்ஜ் வகையா (இரு முனையிலும் சிக்னல் வருவதா) என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. அந்த இன்புட் இல்லையென்றால் நடுவில் ஒரு பஃபர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) போட்டுத்தான் ஆக வேண்டும்.