உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேலை?

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். எண்பதுகளின் கடைசி, வீட்டுக்குக் கிரைண்டர் வராத காலம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டுக்கல்லில் யார் உட்கார வேண்டும் என்பதை ஆச்சிதான் சொல்வாள். அதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேச்சே கிடையாது. அண்ணனுக்குக் கை பலம், அதனால் குழவி அவனுக்கு. மாவைத் தள்ளிவிடுவது எனக்கு.

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் மாவு பொங்கி வராது. குழவி சுற்றி வருவதற்குள் கையை விட்டு எடுத்துவிட வேண்டும். அந்தத் தாளம் இரண்டு பேருக்கும் ஒத்துவந்தால்தான் விரல் பிழைக்கும். காலையில் அடித்துக்கொண்டிருந்தாலும் சாயங்காலம் கல்லில் உட்கார்ந்தால் பேசித்தான் ஆக வேண்டும்.

கல் வழுவழுப்பாகிவிட்டால் கொத்துகிறவர் தெருவில் வரும்போது கூப்பிடுவோம். அவர் உளியால் கொத்திவிட்டுப் போனதும், கொஞ்சம் தவிட்டைப் போட்டு ஆட்டிக் கல்பொடியை எடுக்க வேண்டும். அது அப்பாவின் வேலை. அக்கம்பக்கத்தில் ஆம்பளைகள் ஆட்டுக்கல் பக்கமே வரமாட்டார்கள். எங்கள் அப்பா வந்தார். இன்று அண்ணன் தன் வீட்டு அடுப்படியில் யாரும் சொல்லாமலே நிற்பதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

* * *

நான் யாழ்ப்பாணம். 1990இல் கரண்ட் நின்றுபோனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பெரும் தட்டுப்பாடு. அதனால் எங்கள் வீட்டு வேலைகளே வேறு மாதிரி.

பின்னேரம் ஜாம் போத்தல் விளக்கைத் தயார் பண்ணுவது என் பொறுப்பு. போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும். ஒரு துளி சிந்தினாலும் அம்மாவின் முகம் வாடிவிடும். செய்தி நேரத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அண்ணாவும் நானும் மாறி மாறிப் பெடல் மிதிப்போம். டைனமோவில் றேடியோ வேலை செய்யும். மிதி குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். உடனே அப்பா கையைக் காட்டுவார்.

சவர்க்காரம் இல்லாதபோது அக்கா பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்ப்பா. அந்த வாசத்துக்குக் கொடியில் காய்கிற சட்டையை மாடு வந்து சப்பும். ஆகவே கொடிக்குக் காவல் இருப்பதும் ஒரு வேலை, அது கடைசித் தம்பிக்கு. அவனுக்கு அப்போது பள்ளிக்கூட வயதுகூட இல்லை. ஆனால் அவன் காவல் காத்த சட்டையைத்தான் அப்பா அடுத்த நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போவார். அதில் அவனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

* * *

சென்னையில் 2003, 2004 தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவன் நான். வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வரும்வரை எங்களுக்கு லாரித் தண்ணிதான். அம்மா வேலைக்குப் போய்விடுவார். பள்ளி விட்டு வந்ததும் குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடிப்பது தங்கை, தூக்கி மாடியேறுவது நான். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் ஊறும். மேல்வீட்டுப் பாட்டிக்கும் ஒரு குடம் கொடுத்துவிட்டுத்தான் நம் வீட்டுக்குக் கணக்கு என்று அம்மா சொல்லியிருந்தார். ராத்திரி லாரி வந்தால் மட்டும் எங்களை எழுப்பாமல் அவரே இறங்கிப் போவார்.