பள்ளி ஃபயர் அலாரம் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

வியாசர்பாடி டீச்சர்:
நேற்று ராத்திரி மழையிலிருந்து எங்கள் பள்ளி ஃபயர் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. பழைய பெட்டி. போட்டுக் கொடுத்தவர்கள் போனை எடுப்பதில்லை. திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. வாட்ச்மேன் அண்ணன் ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பெரம்பூர் எலக்ட்ரீஷியன்:
பிடுங்காதீர்கள் டீச்சர். சிவப்பு விளக்கா, மஞ்சளா? வெளியே ஹூட்டர் அலறுகிறதா, பெட்டிக்குள் பஸ்ஸர் மட்டுமா? எந்த ஜோன், அதாவது கட்டடத்தின் எந்தப் பகுதி என்று காட்டுகிறது?

இன்வெர்ட்டர் கடை:
பேட்டரிதான். உள்ளே 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், சேர்த்து 24. நாலைந்து வருஷத்தில் உப்பிவிடும்.

பேனல்காரர்:
விளக்கின் நிறம்கூடச் சொல்லாமல் கேட்டால் எப்படி? 20 வருஷமாக இதையேதான் சொல்கிறேன்: சிவப்பு காட்டும் ஃபயர் வேறு, மஞ்சள் காட்டும் ஃபால்ட், அதாவது கோளாறு, வேறு. லைனின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதன் வழியே எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடும். அது நின்றால் எங்கோ லைன் விட்டுப்போச்சு என்று பேனல், அதாவது அந்தப் பெட்டி, மஞ்சள் காட்டும்.

வியாசர்பாடி டீச்சர்:
மன்னிக்கவும் சார். மஞ்சள்தான், 3வது ஜோன். பஸ்ஸர் மட்டும். மாடிப்படிக்கு மேலே ஒழுகுகிறது.

பெரம்பூர் எலக்ட்ரீஷியன்:
அப்போ அங்கேதான். சைலன்ஸ் பட்டனை அழுத்துங்கள், சத்தம் மட்டும் நிற்கும். ஆனால் சரியாகும்வரை அந்த மாடியில் புகை வந்தாலும் பேனலுக்குத் தெரியாமல் போகலாம், ஒரு ஆள் நிற்கட்டும். வருகிற எலக்ட்ரீஷியனை பவரை அணைத்துவிட்டு நடுவில் உள்ள டிடெக்டரில் (புகையைக் கண்டுபிடிக்கும் கருவி) லைனைப் பிரித்து, மீட்டர் வைத்துப் பாதி பாதியாகத் தேடச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்க்காரன்:
அலாரம் இருந்து என்ன? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைக் கொன்றது கீற்றுக் கூரையும் குறுகலான படியும். முதலில் வழியைப் பாருங்கள்.

பேனல்காரர்:
படி முக்கியம்தான், யார் இல்லை என்றது? பூட்டிய லேபில் புகை கிளம்பினால் படி வந்து சொல்லுமா?

தஞ்சாவூர்க்காரன்:
மணி அடித்த பிறகு ஓட இடம் வேண்டாமா? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சார் அவர்கள்.

இன்வெர்ட்டர் கடை:
பேட்டரியை யாராவது பார்த்தீர்களா?

வியாசர்பாடி டீச்சர்:
சரியாகிவிட்டது. கடைசி டிடெக்டரின் பேஸில் பச்சைக் களிம்பு ஏறி ஒயர் தானாகவே கையோடு வந்துவிட்டது. பேஸை மாற்றியதும் மஞ்சள் அணைந்தது. பேட்டரியும் உப்பித்தான் இருந்தது, மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம். படிக்கட்டு அடியில் கிடந்த உடைந்த பெஞ்சுகளை இன்றே வெளியே எடுத்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.